கம்பிகளுக்குப் பின்னால் ஒரு வாத்தியக் குழு

விவால்டி என்றதும், வெனிஸ் நகரில் அநாதைப் பெண்களுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த பாதிரியார் என்ற சித்திரம் வந்துவிடுகிறது. சித்திரம் பொய்யில்லை. ஆனால் அதில் பாதிரியாருக்கு முகம் இருக்கிறது, பெண்களுக்கு இல்லை. 1703-இல் அவர் பியத்தா என்ற இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தபோது அங்கே சங்கீதம் ஏற்கனவே பேர்பெற்றிருந்தது. 1741-இல் அவர் வியன்னாவில் இறந்தபிறகும் பல பத்தாண்டுகள் அது தொடர்ந்தது. மேதை வந்து போனார், குழு இருந்தது. எப்படி இருந்தது என்பதுதான் நம் கேள்வி.

பியத்தா 14ஆம் நூற்றாண்டில் தோன்றியது. கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்ற இடம். வளர்க்க வசதியிருந்தும் குழந்தையைக் கொண்டுவந்து போடுகிறவர்களைச் சபிக்கும் 1548-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இன்னும் இருக்கிறது. சங்கீதத்துக்குப் பேர்போன இத்தகைய இல்லங்கள் வெனிஸில் நான்கு. பையன்கள் தொழில் கற்க வெளியே அனுப்பப்பட்டார்கள். பெண்கள் தங்கினார்கள். பெரும்பாலோருக்கு நெசவும் தையலும் சலவையும்தான். சிலர் மட்டுமே பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் பொறுக்கி எடுக்கப்பட்டார்கள். பியத்தாவில் ஆயிரம் பெண்கள், அவர்களில் எழுபது பேர் சங்கீதக்காரிகள் என்று, 1770-இல் அங்கே வந்த ஆங்கிலேயர் சார்லஸ் பர்னி தாம் கேள்விப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார்.

இந்தச் சிறு தொகுதிக்குள் ஒரு படிவரிசை இருந்தது. சிறுமி பயில்கிறாள், தேறி வாசிக்கிறாள், வாசித்துப் பழுத்தபின் ஆசிரியையாகித் தனக்குப் பின் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வெளியிலிருந்து வந்த ஆண் ஆசிரியர்கள் சிலரே. விவால்டியின் வேலையையே நிர்வாகிகள் ஆண்டுதோறும் ஓட்டுக்கு விட்டார்கள். 1709-இல் ஓட்டு அவருக்கு எதிராக விழுந்தது. உள்ளே இருந்த பெண்களே கற்பித்துக்கொள்ள முடியும்போது சம்பளம் எதற்கு என்று கணக்குப் பார்த்திருக்கலாம். 1711-இல் திரும்ப அழைத்தார்கள். 1723-இல் செய்துகொண்ட ஏற்பாடு, மாதம் இரண்டு கன்செர்ட்டோ எழுதித் தர வேண்டும் என்பது. குழு அவருக்காக இருக்கவில்லை. குழுவுக்குச் சரக்கு தருகிறவராக அவர் இருந்தார்.

பணம் வந்த வழிகளும் தெளிவானவை. உயில்கள், காணிக்கைகள், கேட்க வந்தவர்கள் கொடுத்த நாற்காலி வாடகை, வெளிக் குடும்பத்துப் பெண்களுக்குக் கற்பித்து வாங்கிய கட்டணம். சங்கீதம் நன்றாயிருந்தால் தேவாலயம் நிரம்பும். நிரம்பினால் இல்லத்துக் குழந்தைகளுக்குச் சோறு. ஆகவே சங்கீதம் அங்கே அலங்காரம் அல்ல, ஜீவனம்.

ஆனா மரியா என்ற பெண் இங்கே வளர்ந்தவள். குலப்பெயர் இல்லாததால் வாத்தியமே பெயராயிற்று: வயலின் ஆனா மரியா. விவால்டியின் சில கையெழுத்துப் படிகளில் அவள் பெயர் இருக்கிறது. சிறுமியாகப் பயின்று, வாசித்து, ஆசிரியையாகி, எண்பது வயதைக் கடந்து 1782-இல் அங்கேயே இறந்தாள். விவால்டியைவிட நீண்டகாலம் அந்த இல்லத்தின் சங்கீதத்தைத் தாங்கியவள் அவள்.

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல கதை. ஆனால் இந்தப் பெண்கள் வாசித்தது உயர்ந்த மாடத்தில், இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால். குரல் வெளியே வரலாம், முகம் வரக்கூடாது. மெண்டிகான்ட்டி என்ற இன்னொரு இல்லத்தில் கேட்டு மயங்கிய ரூஸோ, பின்பு அவர்களை நேரில் பார்த்து முதலில் ஏமாந்ததைத் தம் சுயசரிதையில் எழுதினார். வெளியேற இருந்த வழி கல்யாணம் அல்லது கன்னிமடம். கல்யாணம் செய்துகொண்டு போகிறவள் இனி வெனிஸில் பொதுமேடை ஏறுவதில்லை என்று உறுதி தர வேண்டும். அதே மெண்டிகான்ட்டியில் வளர்ந்த மத்தலேனா லொம்பர்தினி 1767-இல் ஒரு வயலின்காரரை மணந்து வெளியேறினாள். பாரிஸிலும் லண்டனிலும் தான் எழுதிய கன்செர்ட்டோக்களைத் தானே வாசித்தாள். அவள் போனது அவளுக்கு லாபம், இல்லத்துக்கு நஷ்டம். இரண்டும் உண்மை.

பியத்தாவின் தொடர்ச்சிக்குக் காரணம் படிவரிசை என்றேன். படிவரிசை நிலைத்ததற்குக் காரணம் கதவு சாத்தியிருந்தது. பத்து வருஷம் பயின்றவள் பதினெட்டு வயதில் போய்விடவில்லை, போக முடியவில்லை. இன்று எந்த ஊரிலும் இளைஞர்களுக்கென்று நடக்கும் வாத்தியக் குழுவின் பிரச்னை இதற்கு நேர் எதிர். கதவு திறந்திருக்கிறது. தேறியவர்கள் வருஷந்தோறும் போகிறார்கள், மறுபடி முதலிலிருந்து. நடத்துகிறவர்கள் நன்கொடையையும் ஒரு பெரிய ஆசிரியரையும் தேடுகிறார்கள். பியத்தாவுக்கு இரண்டும் இருந்தன. 1797-இல் வெனிஸ் குடியரசு வீழ்வதற்கு முன்பே மற்ற இல்லங்கள் கடனில் முறிந்ததைப் பார்த்தால், பணமும் நிரந்தரமல்ல என்று தெரிகிறது. தாங்கியது நடுவில் நின்ற மூத்தவள்.

அவளைக் கம்பி இல்லாமல் நிறுத்திவைக்க முடியுமா? பியத்தாவே பாதி பதிலை வைத்திருந்தது. மூத்தவளுக்குப் பதவிப்பெயர் இருந்தது, வெளி மாணவியிடமிருந்து வருமானம் இருந்தது, அவள் சொன்னால் சிறியவள் கேட்டாள். இவற்றைக் கொடுத்துவிட்டுக் கதவையும் திறந்து வைத்தால் எத்தனை பேர் தங்குவார்கள் என்பதை வெனிஸ் சோதித்துப் பார்க்கவில்லை.

கன்சர்வேட்டரி என்று உலகமெங்கும் சங்கீதப் பள்ளிக்கு வழங்கும் சொல், நேப்பிள்ஸ் நகரின் அநாதை இல்லங்களிலிருந்து வந்தது. காத்துவைக்கும் இடம் என்று பொருள். காப்பதற்கும் பூட்டிவைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சொல் சொல்வதில்லை. அதைச் சொல்லவேண்டியவர்கள் குழு நடத்துகிறவர்கள்.