ஆணி இல்லாத கப்பல்

சுங்குவார்சத்திரத்தில் எனக்குப் பாடி ஷாப் வேலை. கார்த் தகடுகளை ஸ்பாட் வெல்டிங்கில் இணைக்கிறோம். இணைப்பு இம்மியும் அசையக் கூடாது. உளியை விட்டு நெம்பிப் பார்ப்போம். பிரிந்தால் அந்தப் பீஸ் ஸ்கிராப். கோவளத்தில் கரைவலைப் படகு தைத்த என் தாத்தாவின் பாடமோ நேர்மாறு: "அலை அடிச்சா பலகை வளைஞ்சு குடுக்கணும்டா. ஆணி அடிச்சா பொளந்துடும்."

துறைமுகம் வருவதற்கு முன் சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால்தான் நங்கூரம் போட்டன. ஆளும் சரக்கும் கரையேறியது மசூலா படகில். அதில் ஆணி இல்லை, விலாக்கட்டையும் இல்லை. பலகை ஓரங்களில் துளை போட்டு, மூட்டில் வைக்கோல் திணித்து, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைத்தார்கள். சீமைப் படகு சிதறும் கரையலையில் அது நெளிந்து நெளிந்து மணலில் ஏறிவிடும்.

அதே தையலில் ஒரு முழுக் கப்பலையே கட்டியிருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 12 அன்று கோவாவில் ஏராக்கட்டை வைத்தார்கள். பணம் கலாசார அமைச்சகத்தினுடையது, மேற்பார்வை கடற்படை. ஹோடி இன்னோவேஷன்ஸ் பட்டறையில் கேரளத்து ஆசாரி பாபு சங்கரனின் குழு தைத்தது. வரைபடம் கிடையாது; கையில் இருந்ததெல்லாம் அஜந்தாவின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றுதான். அதிலிருந்து உருவத்தைக் கணித்தார்கள். நீரோட்டத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று சென்னை ஐ.ஐ.டி.யில் மாதிரி வைத்துச் சோதித்தார்கள். நீளம் 19.6 மீட்டர், அகலம் 6.5 மீட்டர், சதுரப் பாய்கள். 2025 மே 21 அன்று கார்வாரில் கடற்படையில் சேர்ந்தபோது ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா என்று பெயரிட்டார்கள்.

இது முதல் முயற்சி அல்ல. கடல்பயண எழுத்தாளர் டிம் செவெரின் ஓமனில் கட்டுவித்த 'சோஹார்' என்ற தையல் கப்பல் 1980இல் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டுச் சீனாவின் கான்டன் வரை போனது.

கௌண்டின்யா 2025 டிசம்பர் 29 அன்று போர்பந்தரில் பாய் விரித்தது. எங்கள் லைனில் உளி பார்க்கும் வேலையை அதற்கு அரபிக்கடல் பார்த்தது. தையல் விடவில்லை. 2026 ஜனவரி 14 அன்று மஸ்கட் சேர்ந்தது.

நமக்கு அன்று போகி. பழையதைக் கொளுத்தும் நாள். ஃபைபர் படகு வந்த பிறகு தாத்தாவின் கடைசிப் படகுப் பலகைகளையும் ஒரு போகிக்குத்தான் எரித்தோம். எரித்தவர்களில் நானும் ஒருவன்.