இரண்டு வாரமா, இரண்டு மாதமா?

1940-கள் வரைக்கும் உயர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கவே கூடாதுன்னு நம்பின டாக்டர்கள் பலர். தடித்த குழாய்களில் ரத்தம் ஓட அந்த அழுத்தம் தேவை என்பது அவர்கள் வாதம்.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் வந்தவர் வால்டர் கெம்ப்னர். நோயாளிகளுக்கு அவர் கொடுத்தது உப்பில்லாத சோறு, பழம், சர்க்கரை. 1942-ல் ஒரு பெண்மணியை இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். ஜெர்மன் உச்சரிப்பில் அந்தம்மாவுக்கு அது 'இரண்டு மாதம்'னு கேட்டுச்சாம்! அதுவரைக்கும் சோறேதான். திரும்பி வந்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில், பெருத்திருந்த இதயமும் சிறுத்திருந்தது.

சுமை கூடினால் இதயத் தசை தடிக்கும், இறக்கினால் மெல்லக் குறையும். இன்றைய மாத்திரைகள் செய்வதும் இதைத்தான். 'பிரஷர் நார்மலாயிடுச்சு'ன்னு மாத்திரையை நாமே நிறுத்தினா, சுமையும் திரும்பி வரும்.