பெட்டி சுங்கத்தில் நின்றது, கணக்கு கம்பி வழியே வந்தது

கம்ப்ரெஸர் என்றதும் உங்களுக்கு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. நான் சொல்ல வந்தது பாட்டு பதிவு செய்கிறவர்களின் கம்ப்ரெஸர். பெங்களூரில் நம் பிள்ளைகள் பலர் படுக்கையறை மூலையில் ஒரு மைக்கும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு அதை ஸ்டூடியோ என்கிறார்கள் அல்லவா, அவர்கள் வாயில் இந்த வார்த்தை அடிக்கடி வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: பெட்டியாக வாங்குவதா, சாஃப்ட்வேர் போதுமா? எது நன்றாக ஒலிக்கும் என்று அவர்கள் சண்டை போடட்டும். வங்கிக்காரனாக எனக்குத் தெரிந்தது வேறு. நம் நாட்டில் இதைத் தீர்மானித்ததில் காதைவிட அந்நியச் செலாவணிக்குப் பங்கு அதிகம்.

முதலில், அது என்ன செய்கிறது? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். ரகசியம் சொல்வது போலக் கதை சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று உச்சத்தில் குரலெடுப்பார். மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, அந்த இடம் வரும்போது குமிழைக் குறைத்து, பிறகு ஏற்றுவார். இல்லாவிட்டால் குழாய் ஸ்பீக்கர் அலறும். அந்தக் கையின் வேலையைத் தானாகச் செய்வதுதான் கம்ப்ரெஸர். ஓர் எல்லை வைக்கிறோம். விகிதம் 4:1 என்றால், எல்லையை 8 டெசிபல் தாண்டிய சத்தம் 2 டெசிபல் மட்டுமே தாண்டி வெளியே வரும். எவ்வளவு சீக்கிரம் அமுக்குவது, எவ்வளவு நேரத்தில் விடுவது என்பதற்கு இரண்டு குமிழ்கள். அவ்வளவுதான். (எம்பி3 கோப்பைச் சுருக்குகிற கம்ப்ரெஷன் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இது ரேடியோக்காரர்களின் தேவையில் பிறந்தது. 1937இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வானொலி நிலையங்களுக்காக 110ஏ என்ற கருவியைக் கொண்டுவந்தது. 1959 வாக்கில் ஃபேர்சைல்ட் 670 வந்தது. 20 வால்வுகள், 14 டிரான்ஸ்ஃபார்மர்கள், எடை ஏறக்குறைய 30 கிலோ! 1960களில் வந்த எல்ஏ-2ஏ இன்னும் சுவாரசியம். உள்ளே ஒரு சின்ன விளக்கு, பக்கத்தில் ஒளியை உணரும் ரெசிஸ்டர். பாட்டு உரக்க வந்தால் விளக்கு பிரகாசமாகும், சத்தம் தணியும். 1967இல் பில் புட்னம் டிரான்சிஸ்டரை வைத்து 1176ஐச் செய்தார். இந்த எண்களை எங்கள் அபார்ட்மென்ட் பையன்கள் சஹஸ்ரநாமம் போல ஒப்பிக்கிறார்கள் :-)

இனி நம் பக்கம். கன்னடப் படப் பாட்டுகள் நெடுங்காலம் மெட்ராஸில்தான் பதிவாகிவந்தன. பெங்களூரிலேயே நல்ல ஒலிப்பதிவுக்கூடம் வேண்டும் என்று நினைத்தவர்களில் நடிகர், இயக்குநர் ஷங்கர் நாக் ஒருவர். நம் இளையராஜா இசையில் 1981இல் 'கீதா' எடுத்தாரே, அவர்தான். அவர் உருவாக்கியது சங்கேத் ஸ்டூடியோ. 1990 செப்டம்பர் 30இல் தாவணகெரே அருகே விபத்தில் போய்ச் சேர்ந்தார். இருந்திருந்தால் என்னென்ன செய்திருப்பாரோ!

இதே காலத்தில், 1989இல், மெட்ராஸ் கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டுப் பின்கட்டில் பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1992இல் 'ரோஜா'. வீட்டு ஸ்டூடியோ என்ற கனவே நம் பிள்ளைகளுக்கு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த நாளில் வீட்டில் ஸ்டூடியோ என்றால் பெட்டி பெட்டியாகக் கருவி வேண்டும், கருவி வேண்டும் என்றால் டாலர் வேண்டும். சாமானியனுக்கு அது எட்டாது.

எவ்வளவு எட்டாது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமே. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை அடகு வைத்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகு முன்னால் நடந்தது என்றாலும், எங்கள் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. அந்த மாதம் 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாயாக இருந்த டாலர் 26ஐத் தொட்டது. 1,000 டாலர் பெட்டி மூன்றே நாளில் 5,000 ரூபாய் ஏறிவிட்டது. அந்த மாத பட்ஜெட்டில் சுங்க வரியின் உச்ச விகிதத்தைக் 'குறைத்து' 150 சதவீதம் ஆக்கினார்கள். அந்த விகிதம் பெட்டியின் மேல் விழுந்தால் 26,000த்தோடு வரி 39,000. ஆக 65,000. பெட்டியைவிட வரி பெரிது. இறக்குமதி உரிமத்துக்கு அலைவது தனி.

இந்தச் சுவரில் ஓட்டை எங்கே விழுந்தது? விந்தை என்னவென்றால் அதுவும் பெங்களூரில்தான் தொடங்கியது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மில்லர்ஸ் ரோட்டில் அலுவலகம் திறந்து, சாட்டிலைட் இணைப்பு வழியாக இங்கே எழுதிய மென்பொருளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. துறைமுகத்தில் இறங்காத சரக்கு! பத்து வருஷம் கழித்து கம்ப்ரெஸரும் எதிர்த்திசையில் அப்படியே வந்தது. 1992இல் இஸ்ரேலில் வேவ்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1996இல் ஸ்டைன்பெர்க், சாதாரணக் கணினியின் பிராசஸரிலேயே இத்தகைய வேலைகளைச் செய்யும் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்தது. விளக்கும் ரெசிஸ்டரும் செய்ததை இப்போது பெருக்கல் வகுத்தல் செய்தது. எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்த பி.சி. போதும். அன்று பலரும் நகல் சிடியில்தான் ஓட்டினார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது.

இன்னொரு மாற்றத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய 16 பிட் சவுண்ட் கார்டில் கிடைப்பது ஏட்டளவில் 96 டெசிபல் வீச்சு. மெல்லப் பதிந்தால் இரைச்சல், உரக்கப் பதிந்தால் வெடிப்பு. ஆகவே கணினிக்குள் நுழையும் முன்பே ஒரு பெட்டி நின்று அடக்க வேண்டியிருந்தது. 2000ஐ ஒட்டி 24 பிட் கார்டுகள் வீட்டு விலைக்கு வந்தன. ஏட்டளவில் 144 டெசிபல். இடம் விட்டு மெல்லவே பதியலாம், அமுக்குவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம், பிடிக்காவிட்டால் அழித்து மீண்டும் செய்யலாம். வாசலில் பெட்டியைக் காவல் வைக்கும் அவசியம் இங்கேதான் போயிற்று.

சட்டமும் அதே சமயத்தில் தளர்ந்தது. 2000 ஜூன் 1இல் ஃபெரா போய் ஃபெமா வந்தது. 2001 ஏப்ரல் 1இல் மீதமிருந்த 715 பொருட்களின் இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கியது. அதே ஆண்டு ஜூலை 3இல் நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். ரேடியோ சிட்டி பெங்களூரில் ஒலித்தது. (வீட்டில் எவ்வளவு பக்குவமாகக் கம்ப்ரெஸ் செய்தாலும், எஃப்.எம். நிலையங்கள் தங்கள் பங்குக்கு இன்னொரு முறை பிழியும்.) 2007க்குள் சுங்க உச்ச விகிதம் 10 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ரீப்பர் 1.0 வெளியாகிவிட்டது. உள்ளேயே கம்ப்ரெஸர் உண்டு, எத்தனை டிராக்குக்கு வேண்டுமானாலும் போடலாம். பெட்டிக்குக் கதவு திறந்தபோது விருந்து முடிந்திருந்தது.

என் மேஜைக்கு இப்போது முத்ரா கடன் கேட்டு ஸ்டூடியோ கொட்டேஷன்கள் வருகின்றன. சேலத்துப் பையன் ஒருவன் தாலாட்டும் பக்திப் பாட்டும் பதிந்து கொடுத்துப் பிழைக்கிறான். அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பங்கும் அதில் போகிறது. அவன் பட்டியலில் இரண்டு சேனல் கம்ப்ரெஸர் பெட்டி ஒன்று இருந்தது. கடனுக்கு ஈடாக எழுதிக்கொள்ளப் பெட்டி வசதி. ப்ளக்இன்னை ஜப்தி செய்து எங்கே வைப்பது? வருமான வரியில் தலைகீழ்: கணினிக்கும் மென்பொருளுக்கும் தேய்மானம் 2017 வரை 60 சதவீதம், பிறகு 40. பெட்டி பொது இயந்திரங்களோடு 15இல் நிற்கும். "தம்பி, ஒரு நேரத்தில் ஒருத்தர் தானே பாடுறாங்க? அந்தக் காசை மைக்கிலயும் ஜன்னல் சந்தை அடைக்கிறதிலயும் போடு" என்றேன். "சார், நீங்க பேங்க்ல இருந்துக்கிட்டு பெட்டி வேண்டாங்கிறீங்களே" என்று சிரித்தான்.

பெட்டி செத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அலெசிஸ் 3630 என்ற மலிவுப் பெட்டியை எல்லாரும் கேலி செய்தார்கள். அதை வைத்துத்தான் டாஃப்ட் பங்க் வீட்டிலேயே 1997இன் 'ஹோம்வொர்க்' ஆல்பத்தைச் செய்தார்கள். 1999இல் பில் புட்னமின் மகன்கள் அப்பாவின் கம்பெனிக்கு மறுபடி உயிர் கொடுத்து, 1176ஐப் பெட்டியாகவும் விற்றார்கள், மென்பொருளாகவும் விற்றார்கள். புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்தால் சில ப்ளக்இன்கள் அடம்பிடிக்கும். 1967இல் செய்த பெட்டியைச் சால்டரிங் பிடிக்கத் தெரிந்தவர் இன்றும் திறந்து பார்க்கலாம். உதிரி பாகம் தேட எஸ்.பி. ரோடு இருக்கவே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்.