பேஸ்மட்டத்தின் கதை: வீடு தரையிலா, தரைக்கு மேலா?

ஆங்கிலத்தில் பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கிற அறை. நம்ம ஊர் கொத்தனாரிடம் "பேஸ்மட்டம் எவ்வளவு?" என்று கேட்டால் தரைக்கு மேலே எத்தனை அடி என்று பதில் வரும். எந்த மகானுபாவர் இந்த வார்த்தையைத் தலைகீழாகத் திருப்பினாரோ தெரியாது :-) ஆனால் அந்தத் திருப்பத்துக்குள் ஒரு வரலாறே இருக்கிறது.

உலகத்தில் வீட்டைத் தரையோடு சேர்ப்பதற்குப் பொதுவாக இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, கால் நட்டு, மேலே பலகைத் தளம் போட்டு, அடியில் காற்று போகவிடுவது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வீடுகள், நிகோபார் குடிசைகள் எல்லாம் இந்த ரகம். இன்னொன்று, மண்ணைச் சமன் செய்து அதன் மேலேயே கான்கிரீட் பலகையை ஊற்றிவிடுவது. அமெரிக்காவில் 1947-ல் லெவிட்டவுன் என்ற குடியிருப்பில் ஆயிரக்கணக்கான வீடுகளை இப்படித்தான் கட்டினார்கள். நிலவறை கட்டாயம் என்றிருந்த உள்ளூர் விதியையே அதற்காக மாற்ற வேண்டியிருந்தது. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அவசரமாக வீடு வேண்டும், பள்ளம் தோண்ட நேரமில்லை. அவ்வளவுதான் காரணம்.

நம்ம பக்கம் இரண்டுமே எடுபடவில்லை. பலகைத் தளம் ஏன் வரவில்லை? ஒரே வார்த்தை: கரையான். செம்மண் காட்டில் ஒரு மழைக்குப் பிறகு முந்திரிக் கட்டையைத் தரையில் போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், புரியும். வெயிலும் ஒரு காரணம். மண்ணை ஒட்டிய தரை சித்திரை மாதத்திலும் ஜில்லென்று இருக்கும். அடியில் காற்றோடும் பலகைக்கு அந்தக் குணம் கிடையாது.

அதனால் நம் ஆட்கள் மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தார்கள். சுற்றிலும் சுவர் எழுப்பி, உள்ளே மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, மேட்டின் மேல் தளம் போடுவது. கோயிலில் இதற்கு அதிட்டானம் என்று பெயர். உபானம், ஜகதி, குமுதம் என்று அடுக்கடுக்காக உயர்த்திய மேடை. வீட்டில் அதுவே திண்ணை. மண் சுவர் வீடாக இருந்தாலும் திண்ணை மட்டும் உயரமாக இருக்கும். மழைச்சாரல் தெறித்துச் சுவர் கரையக்கூடாது, பாம்பு பூச்சி சுலபமாக ஏறக்கூடாது.

முத்தாண்டிக்குப்பம் பக்கத்து நிலம் இதற்குத் தோதானது. பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் முந்திரியும் பலாவும் விளைகிற செம்மண். கரிசல் மாதிரி மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கிற குணம் இதற்கு இல்லை. கரிசலில் கட்டுகிறவர்களுக்காக ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950-களில் அடியில் குமிழ் விட்ட பைல் அஸ்திவாரத்தை உருவாக்கியது. செம்மண்ணில் அந்தச் செலவு வேண்டியதில்லை. வானம் தோண்டி, கல் வைத்து, மேலே பெல்ட் ஓட்டினால் சாதாரண வீட்டுக்குப் போதும்.

1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது. அதோடு வட்டம் வட்டமாக டவுன்ஷிப்பும் சிமெண்ட் வீடும் வந்தன. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் வேறு இடத்தில் புதிதாக மனை பிடித்துக் கட்டினார்கள். தாத்தா காலத்தில் மேடு பார்த்து வீடு வைத்தவர்களுக்கு, கிடைத்த மனையில் கட்ட வேண்டிய நிலை. பேஸ்மட்டம் எத்தனை அடி என்ற கேள்வி உயிர்க் கேள்வியானது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

2011 டிசம்பர் 30 தானே புயலில் பேஸ்மட்டம் உதவவில்லை. அது காற்றின் வேலை, கூரையோடு போய்விட்டது. ஆனால் 2015 நவம்பரில் கதை வேறு. நெய்வேலியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. பண்ருட்டி பக்கம் விசூர், பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளையும் ஆட்களையும் அடித்துக்கொண்டு போனது. ஓடைக்கரையில் கட்டினால் நாலடி பேஸ்மட்டமும் காப்பாற்றாது. ஆனால் தெருவில் தேங்கும் தண்ணீருக்கு ஒரு அடி வித்தியாசமே போதும், அரிசி மூட்டை நனைவதும் நனையாததும் அதில்தான்.

இதில் வில்லன் மழை மட்டுமா? ரோடும்தான்! பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், இரண்டு படி ஏறிப் போன வீடெல்லாம் இரண்டு படி இறங்கிப் போகும் வீடாகிவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்குள் பள்ளத்தில் போன வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். புதுசு என்று நினைக்காதீர்கள். சாக்கடை வசதிக்காகத் தெருவை உயர்த்திய சிகாகோ நகரம் 1850, 60-களிலேயே பெரிய பெரிய ஓட்டல் கட்டடங்களைத் திருகு ஜாக்கியால் தூக்கிவிட்டது.

இப்போது கட்டுகிறவர்கள் கிராவல் லோடுக்குக் கணக்குப் பார்த்துப் பேஸ்மட்டத்தைக் குறைக்கிறார்கள். குறைக்க வேண்டியது அதுவல்ல, எலிவேஷனுக்கு ஒட்டுகிற டைல்ஸ். உயரத்தை இன்றைய ரோட்டிலிருந்து அளக்காமல், இன்னும் இரண்டு தடவை தார் போட்ட பிறகு ரோடு எங்கே இருக்கும் என்று யோசித்து அங்கிருந்து இரண்டடி வையுங்கள். கொட்டிய மண்ணுக்கு ஒரு மழைக்காலம் அமுங்க நேரம் கொடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டுங்கள்.