சரளைக் காடுன்னா வெத்து நிலமா? ஓசூர், கிருஷ்ணகிரி மேய்ச்சல் மண் பற்றி ஒரு விளக்கம்

ஓசூரைத் தாண்டி சூளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எந்தப் பக்கம் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சிவந்த தரை, அதன் மேல் சிதறிக் கிடக்கும் கற்கள், ஆங்காங்கே விராலியும் ஆவாரையும், தூரத்தில் ஒரு ஆட்டு மந்தை. வருவாய்த் துறைக் கணக்கில் இப்படிப்பட்ட நிலங்கள் பல 'மேய்க்கால் புறம்போக்கு', 'தரிசு', 'கல்லாங்குத்து' என்று பதிவாகியிருக்கும். 'சும்மா கிடக்குற நிலம்தானே' என்பதுதான் பலரின் எண்ணம். உண்மையில் இந்த மண்ணுக்கு என்ன குணம்? இதை நம்பி எது வாழுது? பார்ப்போம்.

சரளை மண்ணுன்னா எது?

மண்ணியலில் 2 மில்லிமீட்டருக்குக் குறைவான துகள்களைத்தான் 'மண்' என்று கணக்கிடுவார்கள். மணல், வண்டல், களி எல்லாம் இதில் அடக்கம். 2 மி.மீ. முதல் சுமார் 7.5 செ.மீ. வரை உள்ள கற்கள் சரளை. ஒரு மண்ணின் கன அளவில் 15 முதல் 35 சதவீதம் வரை சரளை இருந்தால் அது சரளை மண். 35 சதவீதத்தைத் தாண்டினால் மிகுசரளை மண்.

சங்க இலக்கியத்தில் இந்த மாதிரி கல்லாங்குத்து நிலத்துக்கு 'முரம்பு' என்றும், அதில் கிடக்கும் சிறு கற்களுக்குப் 'பரல்' என்றும் பெயர் உண்டு. மூன்று மொழி புழங்கும் ஓசூர் பகுதியில் இதையே கன்னடம் பேசுபவர்கள் 'கரசு' என்றும், தெலுங்கு பேசுபவர்கள் 'கருசு' என்றும் சொல்வார்கள். கட்டுமான வேலையில் இருப்பவர்களுக்கு இது 'கிராவல்'.

எப்படி உருவாச்சு?

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மைசூர் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது. இதற்கு அடியில் இருப்பவை நைஸ், கிரானைட் வகைப் பாறைகள். பல பாறைகளுக்கு வயது 250 கோடி ஆண்டுகளுக்கு மேல். வெயிலும் மழையும் பட்டு இந்தப் பாறை மெதுவாக உதிர்கிறது. எளிதில் சிதையும் கனிமங்கள் களியாக மாறிவிடும். குவார்ட்ஸ் மட்டும் சிதையாது. நாம் பார்க்கும் வெள்ளைக் கற்கள் பெரும்பாலும் அந்த குவார்ட்ஸ்தான். பாறையில் இருந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து மண்ணுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிறது.

சரிவான இடங்களில் ஒவ்வொரு மழையும் மெல்லிய மண்ணை அடித்துக்கொண்டு போய்விடும், கனமான கல் அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் மேட்டில் சரளையும், பள்ளத்திலும் ஏரிக்கரையிலும் ஆழமான நல்ல மண்ணும் இருக்கிறது.

மழை பெய்தும் சீக்கிரம் காய்வது ஏன்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ.யை ஒட்டி மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கும். ஆனாலும் ஒரு ஆண்டில் ஆவியாகிப் போகக்கூடிய நீரின் அளவு இதைவிட அதிகம். அதனால்தான் இது மித வறட்சிப் பகுதி. அதற்கு மேல் சரளை சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு சின்ன கணக்குப் போடலாம்.

- 30 செ.மீ. ஆழம் உள்ள, கல் இல்லாத மணற்பாங்கான செம்மண், செடிக்குப் பயன்படும் நீராக சுமார் 36 மி.மீ. பிடித்து வைக்கும்.
- அதே மண்ணில் 40 சதவீதம் கல் என்றால், நீர் பிடிக்கும் இடம் 60 சதவீதம்தான். கிடைப்பது சுமார் 22 மி.மீ.
- செடியும் வெயிலும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 மி.மீ. இழுத்தால், முதல் மண் 7 நாள் தாங்கும். சரளை மண் 4 நாளைத் தாண்டுவதே கஷ்டம்.

இரண்டுக்கும் வித்தியாசம் 14 மி.மீ. கேட்க சின்னதாக இருக்கலாம். ஆனால் ஒரு ஏக்கரில் 1 மி.மீ. என்பது சுமார் 4,000 லிட்டர். அப்படியென்றால் ஏக்கருக்கு 56,000 லிட்டர் குறைவு.

அப்போ கல்லைப் பொறுக்கி எறிந்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். மண்ணுக்கு மேல் தளர்வாகக் கிடக்கும் கல் ஒரு மூடாக்கு மாதிரி. மழைத்துளி நேராக மண்ணில் அடிப்பதைத் தடுக்கும், ஈரம் ஆவியாவதையும் குறைக்கும். அதே கல் இறுகிய மேல்மண்ணில் பதிந்து கிடந்தால் கதை மாறிவிடும். தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் வழிந்து ஓடும்.

செம்மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. புல் இல்லாத வெறும் தரையில் மழை அடித்தால், காய்ந்ததும் மேலே ஒரு ஓடு மாதிரி இறுகிவிடும். அளவுக்கு மீறி மாடு ஆடு மேய்ந்து தரை மொட்டையானால் இந்த இறுக்கம் அதிகமாகும். இறுக்கம் அதிகமானால் அடுத்த மழைக்கு விதை முளைக்காது. புல் இல்லை, அதனால் தண்ணீர் இறங்கவில்லை, அதனால் மறுபடியும் புல் இல்லை என்று இது ஒரு சுழற்சியாகிவிடும்.

சத்து எவ்வளவு இருக்கும்?

இந்த வகைச் செம்மண்ணில் பொதுவாகத் தழைச்சத்தும் கரிமச் சத்தும் குறைவு. மணிச்சத்தை இரும்பு பிடித்து வைத்துக்கொள்வதால் செடிக்குக் கிடைப்பதும் குறைவு. சாம்பல் சத்து ஓரளவு இருக்கும்.

மண் பரிசோதனை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: ஆய்வகத்தில் மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கல்லை ஒதுக்கிவிட்டுத்தான் சோதிப்பார்கள். முடிவை ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று கொடுக்கும்போது, நிலம் முழுக்க மண்தான் என்ற கணக்கில் வரும். அட்டையில் தழைச்சத்து 200 கிலோ என்று இருந்து, நிலத்தின் கன அளவில் 40 சதவீதம் கல் என்றால், உண்மையில் இருப்பது சுமார் 120 கிலோ. மாதிரி கொடுக்கும்போதே எவ்வளவு கல் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

இதில் என்னதான் வளரும்?

கொள்ளு, ராகி போன்றவை ஓரளவு சரளையைத் தாங்கும். வேர் ஆழமாகப் போகும் மாமரமும் தாங்கும். ஆனால் மேட்டுச் சரளைக்கு ரொம்பப் பொருத்தமானது புல்தான். ஊசிப்புல், கொழுக்கட்டைப்புல் போன்றவை மழை வந்தால் மளமளவென்று எழும், வறட்சி வந்தால் அடிக்கட்டையில் உயிரை வைத்துக் காத்திருக்கும்.

இந்தப் புல்லை நம்பி வளர்ந்தவைதான் இப்பகுதியின் ஆலம்பாடி மாடுகள். மத்திகிரி கால்நடைப் பண்ணையும் இந்த மேய்ச்சல் மரபோடு சேர்ந்ததுதான். 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டு, 1924-ல் கால்நடைத் துறைக்கு வந்த அந்தப் பண்ணைக்கு 1,600 ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. கொங்கு நாட்டில் காங்கேயம் பக்கம் 'கொறங்காடு' என்ற முறை உண்டு. கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரங்களுக்கு இடையே கொழுக்கட்டைப்புல் வளர்த்து, மாற்றி மாற்றி மேய விடுவார்கள். அந்தப் பகுதியும் மழை குறைந்த பகுதிதான்.

இப்போ ஏன் பேசணும்?

1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூரில் நிலத்தின் மதிப்பு வேறு ரகம் ஆகிவிட்டது. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்தது. ரோடு போடவும், மனைக்கு மேடு கட்டவும் தேவைப்படுவது இதே கிராவல்தான்.

கிராவலும் மண்ணும் சிறு கனிமங்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959-ன்படி, அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். பொதுப் பயன்பாட்டு நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மேய்க்கால் நிலமும் இதில் வரும்.

ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். ஜேசிபி அதை எடுக்க சில நிமிடம் போதும். ஒரு அடி ஆழமே உள்ள சரளை மண்ணில் அரை அடி போய்விட்டால், ஏற்கெனவே 4 நாள்தான் தாங்கிய ஈரம் 2 நாள்கூட நிற்காது. பிறகு அங்கே புல் எழுவது கஷ்டம். சொந்த நிலம் இல்லாமல் நாலு ஆடு, ரெண்டு மாடு வைத்துப் பிழைப்பவர்கள் தீவனத்தை விலை கொடுத்து வாங்க வேண்டிவரும்.

என்ன செய்யலாம்?

- சரிவுக்குக் குறுக்கே, அங்கே கிடக்கும் கற்களையே அடுக்கிக் கல்வரப்பு போடலாம். ஓடும் தண்ணீர் நின்று இறங்கும், மண்ணும் தங்கும்.
- நிலத்தை மூன்று நான்கு பாகமாகப் பிரித்து மாற்றி மேய்க்கலாம். ஒரு பாகத்தில் புல் விதை கொட்டும் வரை மாடு விடக்கூடாது.
- கொழுக்கட்டைப்புல்லோடு முயல் மசால் விதைக்கலாம். முயல் மசால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அதன் விதைத்தோல் கடினமானது. அதனால் 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டு, பிறகு இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊற வைத்து விதைக்க வேண்டும்.
- ஏரி வண்டலும் தொழுவுரமும் சேர்த்தால் நீர் பிடிக்கும் திறன் கூடும்.
- உங்கள் ஊர் மேய்க்கால் நிலம் எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆக்கிரமிப்போ, அனுமதியில்லாமல் மண் அள்ளுவதோ நடந்தால் அந்த சர்வே எண்ணைக் குறிப்பிட்டு வட்டாட்சியரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.