காற்று என்கிற ஸ்பிரிங்

வீட்டிலேயே சப்வூஃபர் பெட்டி அடிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே புகார்தான். வால்யூமைக் கூட்டினால் பேஸ் குழறுகிறது. 'தும்' என்று விழ வேண்டிய அடி 'பொர்ர்' என்று இழுக்கிறது. உடனே ஆம்ப்ளிஃபையர் மேல் சந்தேகம் வரும். ஆனால் பல நேரம் குற்றவாளி பெட்டிதான். இது தெளிவாக விளங்குவதற்குப் பொறியாளர்களுக்கே ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது.

1925இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் இன்றைய கூம்பு ஸ்பீக்கரின் மூதாதையை வெளியிட்டார்கள். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கும். தாழ்ந்த ஒலியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் பின்பக்கத்தை மூட ஒரு பெட்டி வேண்டும். சின்னப் பெட்டியில் அடைத்தால் உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி எதிர்க்கும், பேஸ் மேலேறிப்போகும். அதனால் பெட்டியை அலமாரி அளவுக்குப் பெரிதாக்கினார்கள். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ், பெட்டியில் துளையிட்டுப் பின்பக்க ஒலியையும் பயன்படுத்தும் முறைக்கு 1932இல் காப்புரிமை வாங்கினார்.

எல்லோரும் எதிரியாக நினைத்த அந்தக் காற்றை நண்பனாக்கியவர் எட்கர் வில்ச்சர், நியூயார்க்கில் ஒலியை மீட்டொலிப்பது பற்றிப் பாடம் நடத்தியவர். கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் விளிம்பும் உள்வளையமும்கூட ஸ்பிரிங்தான், ஆனால் ஒழுங்கில்லாத ஸ்பிரிங். கொஞ்சம் நகர்ந்தால் மென்மை, அதிகம் நகர்ந்தால் முரண்டு. அந்த முரண்டில் அலையின் முனை நசுங்கி, பாட்டில் இல்லாத சுரங்கள் ஒட்டிக்கொள்ளும். டிஸ்டார்ஷன் என்பது இதுதான். அடைத்த காற்று அப்படியில்லை, தள்ளும் அளவுக்கு ஏற்ப ஒரே சீராக எதிர்க்கும். அப்படியென்றால் விளிம்பை வேண்டுமென்றே தொளதொளவென்று ஆக்கிவிட்டு, பிடிமானத்தைக் காற்றிடம் கொடுத்தால் என்ன? மனைவி ரோஸ்மேரியின் உதவியோடு மெத்தைத் துணியில் விளிம்பு செய்து சோதித்தார். 1954இல் தன் மாணவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 'அக்கூஸ்டிக் ரிசர்ச்' நிறுவனத்தைத் தொடங்கினார். அலமாரி புத்தகத் தட்டில் ஏறியது. பேஸும் சுத்தமானது.

பின்னர் காப்புரிமை வழக்கில் அவர் தோற்றார். மேல்முறையீடு செய்யவில்லை. அதன்பின் யார் வேண்டுமானாலும் அந்தப் பெட்டியைச் செய்யலாம் என்றானது.

துளைப்பெட்டி மட்டும் குருட்டுக் கணக்காகவே இருந்தது. துளையைப் பெரிதாக்கு, அடை, மறுபடி கேள், அவ்வளவுதான் வழி. 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் ஒரு கட்டுரை எழுதினார்: துளைப்பெட்டி ஒரு மின்வடிகட்டி போலவே நடந்துகொள்கிறது, ஆகவே கணக்கிட்டே செய்யலாம். பத்து வருஷம் கழித்து அமெரிக்க இதழில் மறுபதிப்பான பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சிட்னியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் அதை முழுமையாக்கி, கூம்பு எவ்வளவு தூரம் நகரலாம் என்ற எல்லையையும் கணக்குக்குள் கொண்டுவந்தார். ஸ்பீக்கர் அட்டையில் இன்று நாம் பார்க்கும் எண்கள் இவர்கள் இருவர் பெயரில்தான் வழங்குகின்றன.

நம்முடைய 'பொர்ர்' எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கணக்கே சொல்லும். துளை ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே காற்றின் பிடி விட்டுப்போகும், கூம்பு தறிகெட்டு ஆடும். அங்கே ஒரு ஃபில்டர் வேண்டும். துளை குறுகலானால் காற்று சீறும். அகலமாக்கினால் குழாயை நீளமாக்க வேண்டும், வாய்களை வளைத்து விரிக்க வேண்டும். பலகை நடுங்கினால் அதுவே இன்னொரு ஸ்பீக்கர். உள்ளே குறுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். இதெல்லாம் தலைவலி என்றால், பேஸ் சற்றுக் குறைந்தாலும் மூடிய பெட்டியே மேல்.

வில்ச்சர் பிற்காலத்தில் காதுகேட்கும் கருவிகளுக்கு ஒரு புது முறை கண்டபோது காப்புரிமை கேட்கவே இல்லை. ஆய்வை அப்படியே வெளியிட்டுவிட்டார். தீலும் ஸ்மாலும் கணக்குகளை இதழ்களில் எழுதி வைத்தார்கள். நாலு பலகையும் ஒரு ரம்பமும் வைத்திருக்கும் ஒருவர் இன்று சுத்தமான பேஸ் செய்ய முடிகிறதென்றால், பலகையைவிட அந்தப் பக்கங்களுக்குத்தான் அதில் பங்கு அதிகம்.