ஏணி தூக்கியவர்கள்

செஞ்சி என்றால் தேசிங்கு ராஜன். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு மோதிச் செத்துப்போன இளவட்ட ராஜா, அவன் குதிரை, அவனோடு செத்த முகமதிய நண்பன். கூத்திலும் பாட்டிலும் இதுதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அறிவித்த தலைப்பு 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்'. பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். ஆக, கூத்தில் புந்தேலா ராஜபுத்திரனுக்கு ஒரு பங்கு, பலகையில் மராத்தியனுக்கு ஒரு பங்கு. இந்தப் பாகப்பிரிவினையில் கோட்டை அடிவாரத்துச் சனங்களுக்கு என்ன வந்தது?

நான் செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துக்காரன், சேரிக்காரன். எங்கள் ஆட்கள் கோட்டைக்குள் முள்ளு வெட்டவும் கல்லு சுமக்கவும் கூலிக்குப் போயிருக்கிறார்கள். தேசிங்கு கதை அவர்களுக்கும் தெரியும். ஆனால் தேசிங்கு செத்து 32 வருஷம் கழித்துத் தொடங்கி, ஏறக்குறைய 17 வருஷம் இந்த மண்ணைப் புரட்டிப்போட்ட சண்டையைப் பற்றிச் சேரியிலும் கதை இல்லை, ஊர்த்தெருவிலும் கதை இல்லை. பள்ளிக்கூடத்தில் அதை முதல், இரண்டாம், மூன்றாம் கர்நாடகப் போர் என்று மூன்று துண்டாக நறுக்கி அஞ்சு மார்க் கேள்வியாக வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ஒரே சண்டை. ஆற்காட்டு நவாபு பட்டத்துக்கும் ஐதராபாத் நிஜாம் பட்டத்துக்கும் நடந்த பங்காளிச் சண்டை. அதற்குள் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஆளுக்கொரு பங்காளியைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார்கள்.

எப்படி நுழைந்தார்கள் என்பது முக்கியம். 1746இல் டூப்ளே ஆட்கள் சென்னையைப் பிடித்தார்கள். அதைத் தனக்குத் தரவில்லை என்று நவாபு அன்வருதீன் படையனுப்பினார். அடையாற்றங்கரையில் சில நூறு பிரெஞ்சுக்காரரும் அவர்களிடம் பயிற்சி எடுத்த சிப்பாய்களுமாகச் சேர்ந்து பத்தாயிரம் பேரை ஓடவிட்டார்கள். அன்றைக்குப் பட்டத்துக்கு ஆசைப்பட்ட ஒவ்வொருவனுக்கும் ஒரு விஷயம் விளங்கிவிட்டது: வெள்ளைக்காரன் படையை வாடகைக்கு எடுத்தால் ஜெயிக்கலாம். வாடகை எதிலிருந்து கொடுப்பது? நிலவரியிலிருந்து. வரி எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை வரலாற்றுப் புத்தகங்கள் கேட்பதில்லை.

1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரர் தயவில் சந்தா சாகிப் நவாபு ஆனார். அன்வருதீன் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடி இங்கிலீஷ்காரன் காலைப் பிடித்தார். அடுத்த வருஷம் செப்டம்பரில் திருவதிகைப் பக்கம் தோற்றுச் சிதறிய முகமது அலி படை செஞ்சிக்குள் வந்து ஒதுங்கியது. பின்னாலேயே புஸ்ஸி வந்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் வளைத்துக் கட்டிய கோட்டை. மராத்தியரிடமிருந்து இதைப் பிடிக்க மொகலாயருக்கு ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது, 1698இல்தான் விழுந்தது. புஸ்ஸிக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. கதவை வெடிவைத்துத் தகர்த்து, ராத்திரியோடு ராத்திரியாக மலை ஏறிவிட்டார்கள். ஐரோப்பாவே வாயைப் பிளந்ததாக எழுதியிருக்கிறார்கள். அந்த டிசம்பரில் செஞ்சிக்குப் பக்கத்தில் பாளயம் போட்டிருந்த நிஜாம் நாசிர் ஜங், பிரெஞ்சுத் தாக்குதலின் நடுவே தன் கூட்டாளியான கடப்பை நவாபு கையாலேயே செத்தார். டூப்ளே உச்சிக்குப் போனான்.

அப்புறம் சக்கரம் திரும்பியது. 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினான். 1752இல் சந்தா சாகிப் தலை போனது. அதே வருஷம் செஞ்சியைப் பிடிக்க வந்த இங்கிலீஷ் படை, மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி விக்கிரவாண்டியில் உதை வாங்கியது. 1754இல் டூப்ளேயைத் திருப்பி அழைத்தார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசி, 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி, ஏப்ரலில் செஞ்சி. பிரெஞ்சுக் கொடி இறங்கிய கடைசி இடங்களில் ஒன்று எங்கள் மலை.

ஆற்காட்டு முற்றுகையில் ஒரு கதை உண்டு. அரிசி தீர்ந்துவந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் போய், 'சோற்றை வெள்ளைக்காரருக்குக் கொடுங்கள், எங்களுக்கு வடித்த கஞ்சி போதும்' என்றார்களாம். மெக்காலே இதை விசுவாசத்தின் சிகரமாக எழுதி உலகப் பிரசித்தம் ஆக்கினார். சோறு அவனுக்கு, கஞ்சித்தண்ணி நமக்கு என்பது விசுவாசமா? அப்படியானால் எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் பெரிய விசுவாசிங்கதான்.

படை என்றால் துப்பாக்கி பிடித்தவன் மட்டும் இல்லை. பீரங்கி இழுக்க, குண்டு சுமக்க, பல்லக்குத் தூக்க, மாட்டுக்குப் புல் அறுக்க, பள்ளம் தோண்ட, செத்த மாட்டையும் செத்த மனுஷனையும் அப்புறப்படுத்த என்று சண்டை போடுகிறவனைவிட அதிகம் பேர் பின்னால் போனார்கள். மதில் ஏற ஏணி வேண்டும். அந்த ஏணி தானாக நடந்து வராது. புஸ்ஸியோடு எத்தனை வெள்ளைக்காரன் வந்தான் என்று கணக்கு இருக்கிறது. ஏணி தூக்கியவன் கணக்கு இல்லை.

எப்போது அந்த ஆள் ஏட்டில் ஏறுகிறான் தெரியுமா? 1758இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடிக்கப் புறப்பட்டான். வண்டி இல்லை, மாடு இல்லை, கூலியாள் இல்லை. பாண்டிச்சேரிக்காரர்களைச் சாதி பார்க்காமல் பிடித்து, பிராமணர் உட்பட எல்லோரையும் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் வைத்தான். ஊரே கொதித்தது. அப்போதிலிருந்து இன்றுவரை எழுதுகிற எல்லாச் சரித்திரக்காரர்களும் இதைப் பிரெஞ்சுக்காரர் வீழ்ச்சிக்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இந்நாட்டுப் பழக்கவழக்கம் தெரியாத முரடன் லாலி, சனங்களின் மனசைப் புண்படுத்திவிட்டான் என்கிறார்கள். எந்தச் சனங்கள்? அதே வேலையை அதற்கு முன்னாலும் பின்னாலும் சேரி ஆட்கள் செய்தபோது யார் மனசு புண்பட்டது? பறையன் சுமந்தால் அது வழக்கம். பிராமணன் ஒரு நாள் சுமந்தால் அது சரித்திரத்தின் திருப்புமுனை.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பும் இதே லட்சணம்தான். அந்தக் காலத்தை அறிய அதைவிட்டால் நமக்கு வேறு தமிழ் ஏடு கிடையாது, அந்த மட்டில் மனுஷனுக்கு நன்றி. அதில் நம் ஆட்கள் கூட்டமாக, கோரிக்கையோடு எழுந்து நிற்பது 1745இல். பாண்டிச்சேரி மாதா கோயிலுக்குள் பறையரைப் பிரித்து நின்ற சுவரை எடுக்கச் சொல்லிப் பாதிரியாரிடம் போகிறார்கள், சுவர் இடிகிறது, சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஒழுங்கு குலைந்தால்தான் நாம் கண்ணில் படுவோம்.

மராட்டியத்தில் இப்படி இல்லை. 1818இல் பீமா கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்துச் செத்த மகர் சிப்பாய்களின் பெயர் அங்கே தூணில் வெட்டியிருக்கிறது. 1927 ஜனவரி 1ஆம் தேதி பாபாசாகேப் அங்கே போய் நின்றார். கும்பினியின் சென்னைப் பட்டாளத்திலும், 1780இல் பயனியர் என்று தொடங்கிய குழிவெட்டும் படையிலும் பறையர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். செஞ்சியில் தூண் இல்லை. கும்பினிக்குக் கூலிச் சிப்பாயாகப் போனதைக் கொண்டாடணுமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கொண்டாட வேண்டாம். ஆனால் சோறும் செருப்பும் சம்பளமும் வேறெங்கே கிடைத்தது என்று கேட்டுவிட்டுப் பேசட்டும்.

சரி, வாடகைக் கணக்குக்கு வருவோம். ஜெயித்த முகமது அலிதான் உண்மையில் தோற்றவர். கும்பினிப் படைச் செலவு முழுக்க அவர் தலையில் கடனாக விழுந்தது. கும்பினி உத்தியோகஸ்தர்களே தனியாக அவருக்கு வட்டிக்கு விட்டார்கள். 1785இல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் இந்தக் கடன் கொள்ளையைப் பற்றிப் பேசி நாறடித்தார். 1763இல் நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1801இல் எங்கள் தென்னாற்காடு உட்பட மிச்சம் எல்லாமும் போனது. வரி ஒழுங்காக வரவேண்டுமே என்று கும்பினி மிராசுதாரோடு பேரம் பேசியது. மிராசுதாரனுக்கு நிலம், அவனுக்குக் கீழே படியாள். படியாள் ஓடிப்போனால் வரி போய்விடும் என்ற பயம் சர்க்காருக்கும் மிராசுக்கும் பொது. நவாபுகள் சண்டைக்கு எடுத்த வாடகையை, ஒரு குழி நிலம் இல்லாதவன் முதுகு கட்டியது.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் அந்த ஜில்லாப் பறையர் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன் பேரில்தான் 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு வந்தது. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதில் பெரும்பகுதி கைமாறிப் போனது. போனதைக் கேட்டுக் காரணையில் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நவாபு படைவாடகைக்குக் கொடுத்த அதே ஜாகீர் மண்.